பார்னெலைக் கைவிட்டவர்கள்

பிராடெஸ்டண்டு நிலச்சுவான்தார் குடும்பத்தில் 1846-ல் பிறந்த சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல், கத்தோலிக்கக் குடியானவர் நிறைந்த அயர்லாந்தின் தனிப்பெருந் தலைவரானார். குடிகளுக்காக 1881-ல் சிறையும் புகுந்தார். கட்சித் தீர்மானத்துக்கு அடங்கியே வோட்டளிப்பதென்று அபேட்சகர்களிடம் உறுதிமொழி வாங்கும் முறையை ஏற்படுத்தினார். அந்தக் கட்டுப்பாட்டின் பலத்தால் 1885 தேர்தலில் 86 ஸ்தானங்கள் அவர் வசமாயின. மறு வருஷமே லிபரல் தலைவர் கிளாட்ஸ்டன் அயர்லாந்துக்குச் சுயாட்சி மசோதா கொண்டுவர நேர்ந்தது. மசோதா தோற்றது, உறவு நிலைத்தது.

லண்டன் டைம்ஸ் பத்திரிகை 1887-ல் வெளியிட்ட கள்ளக் கடிதம் பார்னெலை அசைக்கவில்லை. 1890 நவம்பரில் விவாகரத்து வழக்கொன்றில் அவருக்கு விரோதமாகத் தீர்ப்பான பின்பும் கட்சி அவரையே தலைவராகத் தெரிந்தெடுத்தது. அவர் நீடித்தால் தம் முயற்சி பயன்படாதென்று கிளாட்ஸ்டன் எழுதிய கடிதம் வெளியானதும்தான் மெம்பர்களுக்கு ஒழுக்கம் நினைவுக்கு வந்தது போலும்! டிசம்பரில் 45 பேர் அவரை விட்டு வெளியேறினர்.

ஒரு தேசத்தின் தலைவர் யார் என்பதை வேற்று நாட்டுக் கட்சியின் கடிதம் தீர்மானிப்பதை நாம் ஒருகாலும் ஒப்புவதற்கில்லை. ஆயினும் பார்னெலையும் நாம் குற்றத்தினின்று விடுவிக்க இயலாது. பெரும்பான்மைக்கு அடங்குமாறு பிறரிடம் வாக்கு வாங்கியவர், தம் முறை வந்தபோது அடங்க மறுத்தார்.

பிறகு நடந்தது பரிதாபம். கில்கென்னி உப தேர்தலில் அவர் முகத்தில் சுண்ணாம்பை எறிந்தார்கள். பாதிரிமார் பலர் பகிரங்கமாக எதிர்த்தனர். ஸ்லைகோவிலும் கார்லோவிலும்கூட அவர் நிறுத்திய அபேட்சகர்கள் தோற்றனர். நோயுற்ற உடலுடன் இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து சென்று ஓயாமல் பேசிவந்தவர், 1891 அக்டோபர் 6-ந் தேதி, 45 வயதில் காலமானார். அடுத்த சுயாட்சி மசோதா 1893-ல் பிரபுக்கள் சபையில் மடிந்தது. பிளவுண்ட கட்சி மீண்டும் ஒன்றுகூட 1900 வரை ஆயிற்று.