ஆரணியில ஜெயிச்ச அதிர்ஷ்டக்காரர்

எங்க ஊர் ஆரணின்னு சொன்னா ஹாஸ்டல்ல எல்லாரும் பட்டுப்புடவை விலைதான் கேப்பாங்க. 1751 டிசம்பர்ல ராபர்ட் கிளைவ் இங்க சண்டை போட்டு ஜெயிச்சார்னு சொன்னா, யாரும் நம்ப மாட்டாங்க. ஸ்கூல் புக்லயும் ஆற்காடு முற்றுகைக்குத்தான் இடம், ஆரணிக்கு ஒரு வரிதான்.

கிளைவ் 1725ல இங்கிலாந்தில் பிறந்தவர். 18 வயசுல கம்பெனி எழுத்தர் வேலைக்கு மெட்ராஸ் கிளம்பினார். கப்பல் பிரேசில்ல ஒன்பது மாசம் மாட்டிக்கிச்சு, 1744லதான் வந்து சேர்ந்தார். இங்க தனிமை, கடன். தன்னையே சுட்டுக்கப் பார்த்தப்ப துப்பாக்கி ரெண்டு தடவையும் வெடிக்கலைன்னு ஒரு கதை உண்டு. தான் பெருசா ஏதோ சாதிக்கப் பிறந்தவன்னு அதுல இருந்து நம்பினாராம். எனக்கு இந்தக் கதையே பிடிக்காது. துப்பாக்கி வெடிச்சிருந்தா கதை சொல்ல யாரு இருந்திருப்பா?

1751ல சந்தா சாகிப் திருச்சியை முற்றுகை போட்டிருந்தார். அவர் படையைப் பிரிக்க கிளைவ் ஆற்காட்டுக்குப் போனார். கூட 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்கள், அவ்ளோதான். வழியில இடி மின்னலோட மழை. நிக்காம நடந்தாங்க. அதை ஒற்றர்கள் போய்ச் சொன்னதும், கோட்டையில இருந்தவங்க பயந்து காலி பண்ணிட்டாங்க. ஒரு குண்டுகூடச் செலவாகல! அப்புறம் சந்தா சாகிப் மகன் ரசா சாகிப் வந்து சூழ்ந்தார். 50 நாள் தாக்குப்பிடிச்சது அதிர்ஷ்டம் இல்ல, அதை ஒத்துக்கணும். முற்றுகை விலகினதும் மராட்டியக் குதிரைப்படை துணையோட அவங்களைத் துரத்தி வந்துதான் ஆரணியில ஜெயிச்சார். சண்டை முடிஞ்சதும் எதிர்ப்பக்க சிப்பாய்கள் பல பேர் இவர்கிட்டயே வேலைக்குச் சேர்ந்துட்டாங்க.

என்னை ரொம்ப யோசிக்க வச்சது அடுத்த வருஷம் சமயபுரத்துல நடந்ததுதான். ராத்திரிச் சண்டையில காயம்பட்டு ரத்தம் போய், நிக்க முடியாம ரெண்டு சார்ஜென்ட் தோள்ல சாய்ஞ்சபடி முன்னால குனிஞ்சு இருந்தார். எதிரில இருந்தவன் சுட்டான். குண்டு கிளைவ் மேல படல. தோள் கொடுத்த ரெண்டு பேரும் செத்துட்டாங்க. போன மாசம் பிளேஸ்மென்ட்ல எனக்கு ஆஃபர் வந்துச்சு. ஒரே மார்க், ஒரே ப்ராஜெக்ட், என் ரூம்மேட்டுக்கு வரல. அன்னைக்கு எல்லாரும் என் திறமையைப் பாராட்டினப்போ இந்த சார்ஜென்ட்கள் ஞாபகம்தான் வந்துச்சு.

1757 பிளாசியிலயும் மழை. கம்பெனிக்காரங்க தார்ப்பாய் போட்டு வெடிமருந்தைக் காப்பாத்தினாங்க, நவாப் படையோடது நனைஞ்சு போச்சு. போதாக்குறைக்கு மீர் ஜாபரோட துரோகம் வேற.

பெரும் பணத்தோட ஊர் திரும்பினவரை 1773ல நாடாளுமன்றமே விசாரிச்சது. கடைசியில கிளைவ் தப்பிச்சார். ஆனா அடுத்த வருஷம் நவம்பர் 22, லண்டன் வீட்ல இறந்துட்டார். தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டார்னுதான் பெரும்பாலானவங்க சொல்றாங்க. வயசு 49. சொந்த ஊர்ப் பக்கத்து சர்ச்சுல, பேர்கூடப் பொறிக்காம புதைச்சாங்க.