எளியோரின் உறவினர் தீனபந்து ஆண்ட்ரூஸ்

தீனபந்து என்றால் எளியோரின் உறவினர் என்று பொருள். இந்திய மக்கள் இந்தப் பெயரை ஓர் ஆங்கிலேயருக்குச் சூட்டினார்கள். அதுவும் எந்தக் காலத்தில்? ஆங்கிலேயரை எதிர்த்து நம் நாடு விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்த காலத்தில்! அவர்தாம் சார்லஸ் ஃபிரியர் ஆண்ட்ரூஸ்.

வரலாறு பயிலும் மாணவனாகிய நான், காந்தியடிகளின் வாழ்க்கையைப் படிக்கையில் ஆண்ட்ரூஸின் பெயரை ஆங்காங்கே கண்டதுண்டு. பின்னர் அவரைப் பற்றித் தனியே தேடிப் படித்தேன். நான் கிறித்தவன் அல்லேன். ஆயினும் அவர் வாழ்க்கை என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. செபம் செய்கிறவர் உலகை மறந்தவர் என்றும், நீதிக்குப் போராடுகிறவருக்குச் செபம் தேவையில்லை என்றும் நம்மில் பலர் எண்ணுகிறோம். விடுதி அறைகளில் நாம் நடத்தும் வாதங்கள்கூடப் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன. ஆண்ட்ரூஸிடம் இந்தப் பிரிவினை இல்லை. அவர் முழந்தாளிட்டதும் நடந்ததும் ஒரே பாதையில்தான்.

ஆண்ட்ரூஸ் 1871-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் பிறந்தார். தந்தை ஒரு சிறு திருச்சபையின் போதகர். தாயின் பெயரில் இருந்த செல்வத்தைக் குடும்ப நண்பர் ஒருவர் சூதாடித் தொலைத்துவிட்டார். குடும்பம் ஒரே நாளில் வறுமையில் வீழ்ந்தது. அன்றைய குடும்பச் செபத்தில் தந்தை ஏமாற்றியவரைச் சபிக்கவில்லை. அவருக்காகவே இறைவனிடம் மன்றாடினார். சிறுவன் சார்லஸ் இதைக் கண்டான். தன் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

கேம்பிரிட்ஜில் கல்வி கற்றுக் குருப்பட்டம் பெற்ற அவர், இலண்டனின் ஏழைகள் வாழும் வால்வொர்த் பகுதியில் சில காலம் தொண்டாற்றினார். 1904-இல் தில்லிக்கு வந்து தூய ஸ்டீபன் கல்லூரியில் ஆசிரியரானார். இரண்டே ஆண்டுகளில் அவருக்கு ஒரு சோதனை வந்தது. முதல்வர் பதவி காலியாயிற்று. ஆங்கிலேயரே அப்பதவியில் அமர்வது அந்நாளைய வழக்கம். ஆனால் ஆண்ட்ரூஸ் தம்மைவிட மூத்தவரும் தகுதி வாய்ந்தவருமான சுசில்குமார் ருத்ராவே முதல்வராக வேண்டும் என்று உறுதியாக நின்றார். 1906-இல் ருத்ரா அக்கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார். தமக்கு வரவிருந்த பதவியை, அது பிறர்க்கு உரியது என்று கண்டு விட்டுக்கொடுத்த ஆசிரியரைக் கல்லூரி மாணவர்களாகிய நாம் எப்படி மறக்க முடியும்?

அப்போது தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளின் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்தது. ஒப்பந்தம் முடிந்தும் அங்கே தங்கிய கூலிகள் ஆண்டுதோறும் 3 பவுன் தலைவரி கட்ட வேண்டியிருந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்களில் நம் தமிழர்கள் மிகப் பலர். போராட்ட நிதி திரட்டிய கோகலேயிடம் ஆண்ட்ரூஸ் தம் சேமிப்பு முழுவதையும் கொடுத்தார். பின்பு நண்பர் பியர்சனுடன் தாமே கப்பலேறினார். 1914 சனவரியில் டர்பன் துறைமுகத்தில் இறங்கியதும் காந்தி யார் என்று கேட்டு, குனிந்து அவர் பாதங்களைத் தொட்டார். வெள்ளையர் ஒருவர் இந்தியரின் காலைத் தொடுவதா என்று அங்கிருந்த வெள்ளையர்கள் சீறினார்கள். அதே மாதத்தில் இங்கிலாந்தில் அவர் தாய் காலமானார். அந்தத் துயரிலும் காந்திக்கும் ஸ்மட்ஸுக்கும் இடையே உடன்பாடு காணும் முயற்சியை அவர் கைவிடவில்லை. அவ்வாண்டே தலைவரி நீங்கியது.

1915-இல் காலராவில் விழுந்து பிழைத்தார். உடல் தேறிவந்த நாட்களில் ஒருநாள், நேட்டாலில் தாம் கண்ட கூலி ஒருவனின் உருவம் அவர் அகக்கண்முன் எழுந்தது. முதுகில் சவுக்கடிக் காயங்களோடு, அச்சம் நிறைந்த விழிகளோடு நின்ற உருவம் அது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த முகம் கிறிஸ்துவின் முகமாக மாறிற்று. இதைக் கனவென்று சொல்லலாம். காய்ச்சலின் களைப்பு என்றும் சொல்லலாம். ஆனால் ஆண்ட்ரூஸ் இதைக் கட்டளையாகக் கொண்டார். சில மாதங்களில் பியர்சனுடன் பிஜித் தீவுக்குப் புறப்பட்டார்.

1879 முதல் சுமார் 60,000 இந்தியர்கள் பிஜிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் சென்றன. ஐந்தாண்டு ஒப்பந்தம், வேலைக்கு வராவிட்டால் தண்டனை. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பது கணக்கு. குடும்பம் என்ற அமைப்பே சிதைந்தது. தற்கொலைகள் மலிந்தன. ஆண்ட்ரூஸும் பியர்சனும் கூலிகளின் குடியிருப்புகளுக்கே சென்று, அவர்களோடு பேசி, கண்டதையெல்லாம் 1916-இல் அறிக்கையாக வெளியிட்டனர். அவ்வாண்டு மார்ச்சில் இம்முறையை ஒழிக்கக் கோரி மாளவியா கொண்டுவந்த தீர்மானத்தை வைசிராய் ஹார்டிஞ்ச் ஏற்றார்.

வெற்றி கிட்டியது என்று பலர் ஓய்ந்தார்கள். ஆனால் ஆள் சேர்ப்பது மேலும் ஐந்தாண்டுகள் தொடரக்கூடும் என்ற செய்தி பின்னர் கசிந்தது. ஆண்ட்ரூஸ் மீண்டும் எழுந்தார். ஊர் ஊராகப் பேசினார், எழுதினார். நாடெங்கும் எதிர்ப்பு வலுத்தது. 1917 மார்ச்சில் ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அப்போதும் அவர் ஓயவில்லை. புதிதாக எவரும் போகமாட்டார்கள். ஏற்கெனவே போனவர்களின் கதி என்ன? அதற்காக அதே ஆண்டில் தனியாக மீண்டும் பிஜிக்குச் சென்றார். 1920 சனவரி 1-ஆம் நாள் எஞ்சிய ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டன.

இது ஆண்ட்ரூஸ் ஒருவரால் மட்டும் முடிந்த செயல் அன்று. பிஜியில் கூலியாக இருந்து திரும்பிய தோதாராம் சனாத்யர் தம் அனுபவங்களை நூலாக எழுதினார். மேற்பார்வையாளனிடமிருந்து தப்ப ஆற்றில் குதித்த குந்தி என்ற பெண்ணின் துயரம் பத்திரிகைகளில் வெளிவந்தது. நம் பாரதியாரும் பிஜித் தீவுப் பெண்களுக்காகக் கண்ணீர்க் கவிதை பாடினார். அறிக்கையிலும் குறை உண்டு. தோட்டத்துப் பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றி அது கூறியவை அப்பெண்களுக்கே அநீதி இழைத்தன என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இதையும் சொல்வதுதான் நேர்மை.

இவ்வளவு அலைந்தவருக்கு ஓய்வு எங்கே கிடைத்தது? விடியற்காலை மௌனத்தில் கிடைத்தது. சாந்திநிகேதனிலும் கப்பலிலும் அந்த வேளையை அவர் இறைவனுக்கென்றே ஒதுக்கினார். அவருடைய விசுவாசம் ஐயமே அறியாதது என்றும் எண்ண வேண்டா. பிற மதத்தாருக்கு மீட்பில்லை என்று கூறும் பழைய விசுவாச அறிக்கையை வாயால் சொல்ல மனம் ஒப்பாமல், 1914-இல் குருப்பணியை விட்டு விலகினார். 1936-இல்தான் மீண்டும் ஏற்றார். பணியை விட்ட அந்த ஆண்டுகளிலும் செபத்தை அவர் விடவில்லை. அன்றைய வட ஆர்க்காட்டுத் திருப்பத்தூரில் உள்ள கிறிஸ்துகுல ஆசிரமத்திலும் அவர் தங்கியதுண்டு. அங்கே அந்திவேளையில் ஆற்றிய தியான உரைகள் 1940-இல் சென்னையில் நூலாக வெளிவந்தன.

1921-இல் அசாம் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வெளியேறிய தொழிலாளர்கள் சாந்த்பூரில் காலராவில் மடிந்தபோது அவர்களிடையே பணி செய்தார். அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசுக்கு இருமுறை தலைமை ஏற்றார். 1940 ஏப்ரல் 5-ஆம் நாள் கல்கத்தாவில் மறைந்தார். அந்நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மாணவ நண்பர்களே! ஒரு கூட்டம், ஒரு ஊர்வலம், ஒரு மனு. அதோடு நம் நீதியுணர்வு பல வேளைகளில் களைத்துவிடுகிறது. வாக்குறுதி கிடைத்ததும் வீடு திரும்பிவிடுகிறோம். அந்த வாக்குறுதி காப்பாற்றப்பட்டதா என்று பார்க்க இரண்டாம் முறை கப்பலேறியவர் ஆண்ட்ரூஸ். அந்த இரண்டாம் பயணத்துக்கான வலிமையை அவர் செபத்தில் பெற்றார். நாம் அதை எங்கே பெறப்போகிறோம் என்பதை நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.