முதியோருக்குத் துணை நின்ற காமராசர்

பெருந்தலைவர் காமராசர் என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வருவன பள்ளிக்கூடமும் மதிய உணவுமேயாம். குழந்தைகளுக்கு அவர் செய்ததை நாடறியும். கேட்பாரற்ற முதியோருக்கு அவர் ஆட்சி செய்ததைச் சொல்வார் சிலரே. அதனை ஈண்டு நினைவுகூர விழைகின்றோம்.

1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் அவர் விருதுநகரில் பிறந்தார். தந்தையார் குமாரசாமி இளமையிலேயே மறைந்தார். தாயார் சிவகாமி அம்மையார் குடும்பத்தைத் தாங்கினார். படிப்பு பாதியில் நின்றது. மாமனின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். உழைக்கும் கை ஓய்ந்தால் வீட்டு அடுப்பு என்னவாகும் என்பதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. நாம் வாழும் மலையாள நாட்டிற்கும் அவர் அயலாரல்லர். 1924ஆம் ஆண்டு வைக்கம் போராட்டத்தில் பங்கு கொண்டவர். விடுதலைப் போரில் பல்லாண்டுகள் சிறையில் கழித்தார். இல்லறம் மேற்கொண்டிலர்.

1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் சென்னை மாநில முதலமைச்சரானார். 1962ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அம்மாநிலத்தில் முதியோர் உதவித் தொகைத் திட்டம் தொடங்கிற்று. ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய். தொகை சிறிது, கருத்தோ பெரிது. பிள்ளையற்ற கிழவியின் கஞ்சிக்கு ஊரார் இரக்கம் மட்டும் போதாது, அரசும் பொறுப்பு என்பதே அக்கருத்து. 1963ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பதவி துறந்த அவர், 1975ஆம் ஆண்டு அதே நாளில் மறைந்தார். தமக்கெனச் சொத்து சேர்த்தாரில்லை.

1956ஆம் ஆண்டு மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் சேர்ந்தன. அங்கே தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழர், ஓய்வு பெற்றதும் தாம் வாழ்ந்த லயத்தைக் காலி செய்ய வேண்டியவராகின்றனர். சொந்த வீடில்லாதார் போக்கிடம் தேடுகின்றனர். பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதியிலும் வயலில் உழைத்துத் தளர்ந்த தமிழ் முதியோர் உளர். கேரள அரசும் முதியோருக்கு ஓய்வூதியம் வழங்குகின்றது. 2008ஆம் ஆண்டு வகுத்த கொள்கையின்படி, படுக்கையில் விழுந்தாரைப் பஞ்சாயத்துச் செவிலியர் வீடு தேடிச் சென்று கவனிக்கின்றனர். ஆயினும் மலையாள விண்ணப்பத்தைப் படிக்க இயலாத முதியவருக்கு இவை எட்டாக்கனியே.

ரயில்வேயில் பணிபுரியும் நாம் எழுதப் படிக்க அறிந்தவர்கள், மலையாளமும் பழகியவர்கள். அம்முதியோரில் ஒருவருக்கேனும் நம் காலனிக் குடும்பம் ஒவ்வொன்றும் விண்ணப்பம் எழுதித் தந்து, பஞ்சாயத்து அலுவலகம் வரை உடன் செல்லுமாயின், பெருந்தலைவருக்கு நாம் செய்யும் சிறப்பு அதுவேயாம்.