கடைசி வரிசைக்கும் கேட்ட குரல்

காவிரிக் கரையில் இருக்கிறது கொடுமுடி. ஈரோட்டுக்கும் கரூருக்கும் இடையே உள்ள ஊர். 1908-ம் ஆண்டில் அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர், சுந்தராம்பாள். தாயார் பெயர், பாலாம்பாள். கே.பி. என்ற இரண்டு எழுத்துக்களும் ஊரையும் தாயையும் குறிப்பவை.

சிறு வயதிலேயே தந்தையை இழந்தாள். வீட்டில் கடும் வறுமை. ரெயிலில் பாட்டுப் பாடிக் காசு பெற்றாள் என்பார்கள். அந்தக் குரலைக் கேட்டவர்கள் அவளை நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள்.

அப்போது நாடக மேடையில் மைக் ஏது? நாடகமோ விடிய விடிய நடக்கும். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பாட்டு கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கொட்டகையில் கூச்சல்தான்! சுந்தராம்பாளுக்கு அந்தக் கவலையே இல்லை. வெண்கல மணி போன்ற குரல்.

1926-ல் இலங்கைக்கு நாடகம் ஆடப் போனார். அங்கே வந்து சேர்ந்தார் செங்கோட்டை கிட்டப்பா. கிட்டப்பாவின் குரல் எட்டும் உயரத்துக்கு வேறு குரல் எட்டாது என்று பெயர். அவருக்கு ஈடு கொடுத்துப் பாடினார் சுந்தராம்பாள். ஜனங்கள் அலை அலையாக வந்தார்கள். மேடையில் சேர்ந்தவர்கள் வாழ்க்கையிலும் சேர்ந்தார்கள்.

அந்த வாழ்வு நீடிக்கவில்லை. பிறந்த குழந்தை இறந்தது. பிணக்கும் வந்தது. 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. வெள்ளைச் சேலை உடுத்தினார். நெற்றியில் திருநீறு. இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டார். மேடையை விட்டு விலகினார்.

ஆனால் கிராமபோன் பெட்டிகளில் தட்டுகள் சுழன்றுகொண்டுதான் இருந்தன. இந்தத் தட்டுக்கு ஒரு கதை உண்டு. அதைக் கண்டுபிடித்த எமில் பெர்லினர், ஜெர்மனியில் ஹானோவர் நகரில் பிறந்தவர். ஆரம்பத்தில் நம் நாட்டுப் பாட்டுக்கள்கூட ஹானோவருக்குப் போய்த்தான் தட்டாகித் திரும்பின. பிறகு கல்கத்தாவில் தொழிற்சாலை வந்தது. எந்த ஆண்டு தெரியுமா? 1908. சுந்தராம்பாள் பிறந்த அதே ஆண்டு! முன்பெல்லாம் பெரிய புனலுக்கு முன் நின்று உரக்கப் பாட வேண்டும். 1925-ல் மின்சார மைக் வைத்துப் பதியும் முறை வந்தது. ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷந்தான். விடிய விடியப் பாடுகிறவருக்கு மூன்று நிமிஷம்! அதற்குள்தான் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். அடக்கிக் காட்டினார்.

அவரைச் சினிமாவுக்கு இழுக்கப் பலர் முயன்றார்கள். ஒப்புக்கொண்ட முதல் படம் 'நந்தனார்'. 1935-ல் வந்தது. சம்பளம் ஒரு லட்ச ரூபாய்! அந்த நாளில் யாரும் கேள்விப்படாத தொகை. வேஷமும் புதுமை. நந்தனாராகவே நடித்தார். வேதியராக வந்தவர், மகாராஜபுரம் விசுவநாத அய்யர். ஆண் வேடமானதால் ஜோடி என்ற பேச்சே எழவில்லை. படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. ஆனால் சபதம் காப்பாற்றப்பட்டது.

காங்கிரஸ் மேடைகளிலும் பாடினார். கொடுமுடியில் அவர் வீட்டுக்குக் காந்தி வந்தபோது தங்கத் தட்டில் உணவு பரிமாறினாராம். சாப்பாடு மட்டுந்தானா, தட்டு இல்லையா என்று காந்தி கேட்க, அதையும் கொடுத்துவிட்டார் என்று சொல்வார்கள். பிற்காலத்தில் சட்ட மேல்சபை உறுப்பினராகவும் இருந்தார்.

1953-ல் ஜெமினியின் 'ஔவையார்' வந்தது. 44 வயதில் அவர் கிழவியாகத் தோன்றிப் பாடினார். 1965-ல் 'திருவிளையாடல்' படத்திலும் மறுபடி ஔவையார். அதற்குள் கொட்டகைதோறும் ஒலிபெருக்கி வந்துவிட்டது. அவருக்கு அது தேவைப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே. 'துணைவன்' படத்தில் பாடியதற்காகத் தேசிய விருது பெற்றபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1970-ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. 1980-ல் காலமானார். கடைசிவரை வெள்ளைச் சேலைதான்.