மேஜர் ரோஜர்ஸ் சரிதம்

பதுளைக்கு வரும் வெளியூரார் முதியங்கண விகாரையையும் கதிர்காம தேவாலயத்தையும் வணங்கிவிட்டுத் துன்கிந்தை அருவியைக் காணச் சென்றுவிடுவர். நகரிலுள்ள புனித மாற்கு ஆலயத்தினுள் நுழைந்து பார்ப்பார் மிகச் சிலரே. அங்குள்ள நினைவுக்கல், அக்கோயில் கடவுளின் மகிமைக்காகவும், இலங்கை ரைபிள் படையைச் சேர்ந்தவரும் பதுளையின் உதவி அரசாங்க அதிபரும் மாவட்ட நீதிபதியுமாகிய மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்பாரின் ஞாபகார்த்தமாகவும், எல்லா வகுப்பினருமாகிய அவர்தம் நண்பராலும் அன்பராலும் எழுப்பப்பட்டது என்று அறிவிக்கின்றது. 1845ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆம் தேதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி, தமது நாற்பத்தோராம் வயதில் அவர் மாண்டார் என்பதும் அதிற் கண்ட செய்தி. அக்கல் கூறாது விட்ட செய்தி ஒன்றுண்டு. அவர் தம் வாழ்நாளில் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர்.

இத்துணை உயிரைக் கொன்ற ஒருவர் பேரால் ஒரு கோயில் எழுந்தது எவ்வாறு? இவ்வினா என்னை நெடுங்காலம் விடாது தொடர்ந்தது.

ரோஜர்ஸ் பிறந்த ஆண்டு 1804. அவர் வந்து சேர்ந்த ஊவா ஒரு புண்பட்ட நாடு. 1817ஆம் ஆண்டு பதுளையிலிருந்த ஆங்கில அதிபர் சில்வெஸ்டர் வில்சன் என்பவர் அம்பெய்து கொல்லப்பட்டார். அதனோடு மூண்ட பெருங்கிளர்ச்சி 1818இல் அடக்கப்பட்டபோது ஊர்கள் எரிந்தன, வயல்கள் தரிசாயின, மக்கள் குடிபெயர்ந்தனர். வில்சனின் மனைவி சோபியா அதே 1817இல், கணவருக்குச் சில திங்கள் முன்னே இறந்தவர். அவருடைய கல்லறைக் கல்லைப் பதுளை அரசமரம் ஒன்று தன் வேர்களால் தழுவி உள்வாங்கிக்கொண்டது. மனிதர் நீங்கிய இடத்தை மரம் கைக்கொண்டதுபோல, வெறுமையாய்க் கிடந்த வெல்லச வயல்களையும் குளக்கட்டுகளையும் யானைக் கூட்டங்கள் கைக்கொண்டன. அவ்வெல்லசவின் அலுப்பொத்தைக் காவலரணில் அதிகாரியாய் அமர்ந்தபோதுதான் ரோஜர்ஸ் வேட்டையில் முழுமூச்சாய் இறங்கினார்.

அக்காலத்து அரசாங்கம் யானையைப் பயிர் அழிக்கும் விலங்கு என்றே கருதிற்று. கொன்றவருக்கு வெகுமதியும் கொடுத்தது. எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய பெருநூல், 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குள் வடபாகத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் வெகுமதிக்காகக் கொல்லப்பட்டன என்று கூறுகின்றது. வேட்டையாடிய துரைமாரையும் அந்நூல் வரிசைப்படுத்துகின்றது. முதலிடம் ரோஜர்சுக்கு. கப்டன் கால்வே அவர் தொகையிற் பாதிக்கு மேல். வீதி அமைத்துப் புகழ்பெற்ற தோமஸ் ஸ்கின்னர் ஏறக்குறைய அவ்வளவு. ஸ்கின்னரும் 1804இற் பிறந்தவரே. அவர் முதுமை கண்டு 1877இல் மறைந்தார்.

ஆயிரத்து நானூறு என்று எழுத்தில் எளிதாக எழுதிவிடுகின்றோம். அத்தொகையைப் பதினைந்து ஆண்டுக்குப் பங்கிட்டுப் பார்த்தேன். வாரத்திற்கு இரண்டு யானை வருகின்றது. வழக்கு விசாரித்து, வரி தண்டி, குதிரையேறி நாட்டைச் சுற்றிப் பார்வையிட்ட ஓர் உத்தியோகத்தர் மிஞ்சிய பொழுதிற் செய்த காரியம் இது!

அவ்வேட்டை எத்தகையது என்பதையும் அறிதல் வேண்டும். அந்நாளைத் துவக்கு வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டு இடிப்பது. இரட்டைக் குழலாயின் இரண்டு வெடி; அதற்குமேல் காட்டில் நின்று மருந்திடிக்கப் பொழுதில்லை. ஆதலால் இரண்டு மூன்று பேர் நிரப்பிய துவக்குகளை ஏந்தி வேட்டைக்காரரின் பின்னே நிற்பர். யானையின் மண்டையோடு தேன்கூடு போன்ற எலும்பறைகளால் ஆயது. மூளையோ அதனுள்ளே ஆழத்திற் சிறிதாய் இருப்பது. மூளையை எட்டும் குறித்த இடத்திற் குண்டு பாய்ந்தாலன்றி யானை எளிதில் விழாது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு அடி தூரம்வரை நெருங்குவர். நெருங்கிய பின் வெடி தவறினால், பின்னால் நிற்பவன் அடுத்த துவக்கை நீட்டுகின்றானா, ஓடிவிட்டானா என்பதைப் பொறுத்தது உயிர். ரோஜர்ஸ் ஒருமுறை யானையின் பிடியிற் சிக்கி எலும்பு முறிந்து கிடந்தாராம். முறிவு ஆறியதும் மீண்டும் காடேகினார் என்பர்.

1844இல் பிரஷ்ய இளவரசர் வால்டமார் இலங்கைக்கு வந்தபோது, அவருடன் வந்த வைத்தியர் ஹொப்மைஸ்டர் ரோஜர்சின் இல்லத்தைக் கண்டு எழுதிவைத்தார். அறைமூலை தோறும், வாயில் தோறும் தந்தங்கள் நின்றன. இலங்கை யானைகளுட் கொம்பன் அரிது. வீழ்ந்தவற்றுள் அறுபதுக்குச் சற்று மேற்பட்டவையே தந்தமுடையன. தந்தம் விற்ற பணத்தைக் கொண்டே படையிற் பதவி உயர்வுகளை விலைக்கு வாங்கினார் என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. பிரித்தானியப் படையிற் பதவி விலைக்கு விற்கப்பட்ட காலம் அது. ஹொப்மைஸ்டரும் நெடுநாள் இருந்தாரல்லர். ரோஜர்ஸ் இறந்த அதே 1845இன் இறுதியில் பஞ்சாப்பின் பெரோஷா போர்க்களத்தில் அவர் மாண்டார்.

வேட்டைக்காரரை வெறுப்பது தமிழர்க்கு எளிதன்று. நம் நாயன்மாருள் ஒருவரான கண்ணப்பர் வேடர் குலத்தவர். கன்னி வேட்டைக்குச் சென்ற நாளிலேதான் காளத்தியப்பரைக் கண்டார். களிற்றை எதிர்த்து வீழ்த்துதலை வீரன் கடமை என்று சொன்ன தாயைப் புறநானூற்றில் மாணவருக்குக் கற்பிக்கின்றேன். ஆயினும் அந்த யானை பகைவன் ஏறிவந்த யானை. கண்ணப்பர் குலத்துக்கு வேட்டை உணவு. விளையாட்டின் பொருட்டு உயிரைப் பணயம் வைத்து, இன்னோர் உயிரைக் கொன்று, அதனை எண்ணிக் கணக்கு வைக்கும் வழக்கத்தைக் குறிஞ்சித் திணையில் நான் காணவில்லை.

யானைக்கு அஞ்சாதவர் நம்மிடையேயும் இருந்தனர். ஏறாவூர்ப் பக்கத்துப் பணிக்கர் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள். மான்தோற் கயிறும் கையுமாய்க் காட்டுள் நுழைந்து, யானையின் பின்னங்காலிற் சுருக்கிட்டு மரத்தோடு பிணிப்பர். துவக்கு இல்லை. ஓதிக்கட்டிய காப்பும் இறைவன் பெயருமே துணை. தந்தை கற்றதை மகன் கற்றான். யானை பிடிபட்டால் வீட்டில் அடுப்பெரிந்தது. பிடிப்பவன் மிதிபட்டால் அவ்வீட்டின் கதி என்னவாகும் என்பது அவனுக்கும் மனைவிக்கும் தெரியும். தெரிந்துகொண்டே சென்றான். இவனுடைய துணிவையும் ரோஜர்சின் துணிவையும் ஒரே சொல்லாற் குறிப்பது மொழியின் வறுமையேயாம்.

ரோஜர்சின் குடும்பத்தைப் பற்றி ஆலயத்துக் கல் ஏதும் பேசவில்லை. மனையும் மக்களும் உடைய வேட்டைக்காரர் எவ்வாறிருந்தனர் என்பதை அறிய அவருக்குப் பின் வந்த சாமுவேல் பேக்கரை நோக்கலாம். 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய பேக்கர், ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளிலும் பதுளைக்கு அப்பாலுள்ள வெல்லசக் காடுகளிலும் நாய்களுடன் ஓடியோடி வேட்டையாடினார். அவ்வனுபவத்தை நூலாகவும் எழுதினார். பாதிரியாரின் மகளான ஹென்ரியற்றா அவர் மனைவி. ஏழு மக்கள் பிறந்தனர். மூவர் சிறுவயதிலேயே மடிந்தனர். 1855இல் நோயுற்ற உடம்போடு குடும்பம் ஊர் திரும்பிற்று. அவ்வாண்டு டிசம்பரில் அவ்வம்மையாரும் காய்ச்சலால் இறந்தார். தாயற்ற நான்கு பெண் குழந்தைகளையும் தம் மணமாகாத தங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் பேக்கர் மீண்டும் அலையப் புறப்பட்டார். 1864இல் ஆபிரிக்காவில் அல்பேட் ஏரியைக் கண்டு பெரும் புகழெய்தினார். அக்குழந்தைகளுக்குத் தந்தையாயும் தாயாயும் இருந்த அத்தங்கையின் பெயரை நூலோர் ஓரிரு வரியிற் சொல்லிச் செல்கின்றனர். எனக்கு அவரே பெரியவராகத் தோன்றுகின்றார்.

இனி ரோஜர்சின் நன்மையையும் கூறாது விடலாகாது. அவர் காடழித்துப் பாதை வகுத்தார். நீதியாசனத்தில் அமர்ந்து மக்கள் வழக்கைக் கேட்டார். அவர் வீழ்த்திய யானைகளுட் பல, உழவன் நெற்கதிரை மிதித்தவை. காவற்பரணில் விழித்திருந்து கண் சோர்ந்த குடியானவன் அத்துவக்கொலியைக் கேட்டு மகிழ்ந்திருப்பான் என்பதில் ஐயமில்லை. எல்லா வகுப்பினரும் கூடிக் கோயில் எடுத்தனர் என்ற சொல்லைப் பொய்யென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

முடிவு அப்புத்தளை வாடிவீட்டில் நேர்ந்தது. அவ்வூர் மலைமுதுகின் மேலே, இருபுறமும் பள்ளம் தாழ்ந்து கிடக்க, காற்றும் முகிலும் கடந்து செல்லும் கணவாயில் உள்ளது. அன்று கடும் இடிமழை. உள்ளே ஒதுங்கியிருந்த ரோஜர்ஸ், மழை ஓய்ந்ததென்று கருதி வெளியே வந்து பார்த்தாராம். புயல் தீர்ந்தது என்று உள்ளே இருந்தவர்க்கு அறிவித்த அக்கணமே மின்னல் பாய்ந்தது எனக் கூறுவர். முட்டிவரும் களிற்றின் முன் கால் பெயராது நின்றவர், திண்ணையிலே நின்றபடி மாண்டார். இடியோசை நின்ற பின்னும் அரைமணி நேரம் வெளியே வரலாகாது என்று இக்காலத்து வானிலை அறிஞர் எச்சரிக்கின்றனர். அவர் காலத்தார் அதனை அறியார்.

உடல் நுவரெலியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு அடக்கம் செய்யப்பெற்றது. அப்பழைய இடுகாடு குழிப்பந்துத் திடலை அண்டிக் கிடக்கின்றது. கல்லறைக்கல் பிளந்துள்ளது. அதன்மேலும் இடி வீழ்ந்தது என்பது மக்கள் நம்பிக்கை; ஒருமுறையன்று, பலமுறை என்பாருமுளர். கொலை செய்யற்க என்று அறிவுறுத்திய பிக்கு ஒருவரின் சாபம் என்று சிங்கள முதியோர் சொல்வர். பிள்ளையார் முகத்தைச் சுட்டவனுக்கு வேறென்ன வரும் என்று தோட்டத்துப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றேன். அவர்தம் சமயத்தவரோ, வாழ்வின் நடுவிலேயே மரணம் உறைகின்றது என்ற கருத்தைக் கல்லிற் பொறித்து, ஆத்துமாவை ஆண்டவனிடம் ஒப்புவித்தனர். பன்னிரண்டு ஆண்டு கழித்து 1857இல் பேராயர் சாப்மன் ஆலயத்தைப் பிரதிட்டை செய்துவைத்தார். சாபக் கதையை நான் ஏற்பதற்கில்லை. யானைகளைச் சுட்டு வீழ்த்திய ஸ்கின்னர் முதுமை கண்டே மறைந்தாரே. மின்னல் எண்ணிப் பார்த்து வீழ்வதில்லை. எனினும் அக்கதையைச் சொல்வோரை நகைப்பதும் தகாது. வழக்காட நாவில்லாத விலங்குக்காக அவர்கள் வழக்காடுகின்றனர்.

யானைக் கூட்டம் ஒரு குடும்பம் என்பதை இன்று அறிவோம். மூத்த பிடியே தலைவி. வறட்சியில் நீர் எங்குண்டு, எவ்வழி செல்வது என்பதெல்லாம் அவள் நினைவில் உள்ளவை. அவள் வீழ்ந்தால் கன்றுகள் அறிவிழந்து அலையும். முன்னின்று காக்க வந்தவளே முதலிற் குண்டு பட்டாள். 1937இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2011இல் இலங்கை முழுவதும் எண்ணப்பட்ட யானைகள் 5,879. அத்தொகையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை ஒருவரே தம் கையாற் கொன்றிருந்தார்.

அப்புத்தளையில் அவர் மாண்ட ஆண்டுகளில்தான் மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர், கோப்பித் தோட்டங்களை நோக்கி யானைக்காடு வழியே நடந்து வந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தவர் பலர். அவர்களும் உயிரைப் பணயம் வைத்தவரே. ஊரில் விட்டு வந்த வயிறுகளுக்காக வைத்தனர். அவர்க்குக் கல்லில்லை.

அம்முன்னோரின் வழிவந்த தோட்டத்துப் பிள்ளைகள் இருபது பேரை ஒரு மாலை புனித மாற்கு ஆலயத்துக்கு அழைத்துச் சென்றேன். கல்லில் உள்ளதை ஒருவன் வாசிக்க, நான் பொருள் கூறினேன். யானைக் கணக்கைக் கேட்டுப் பையன்கள் வியந்தனர். ஒரு சிறுமி மட்டும், குட்டிகள் என்னவாயின என்று கேட்டாள். அதற்குள் நமுனுகுலைப் பக்கம் இருண்டு இடி முழங்கிற்று. மழை விட்டதும் பையன்கள் வெளியே பாய முற்பட்டனர். கடைசி இடி கேட்டதிலிருந்து கடிகாரத்தைப் பார்த்து அரைமணி நேரம் அவர்களை வாயிலிலேயே நிறுத்தி வைத்தேன். கடைசிப் பேருந்து தவறிவிட்டது. தாய்மார் சந்தியில் குடையோடு காத்து நின்றனர்.