வினோபா பாவே: வாழ்வும் நிறைவும்

பூதான இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஆசாரிய வினோபா பாவே சமணக் குடியில் பிறந்தவர் அல்லர். ஜினதீட்சை பெற்றவரும் அல்லர். எனினும் சமண நெறியினர் நன்கு அறிய வேண்டிய வாழ்க்கை அவருடையது. சமண சமயத்தின் அனைத்துப் பிரிவினரும் ஏற்கும் ஒரு பொதுநூல் உருவாகத் தூண்டுகோலாய் நின்றவர் அவர். நோன்பிருந்து உடல் நீத்த அவரது இறுதி வாரமோ, மருத்துவமனைகளில் இன்று குடும்பத்தார் பலர் எதிர்கொள்ளும் ஒரு வினாவைத் தெளிவாக முன்வைக்கிறது.

மகாராட்டிரத்தில், அந்நாள் கொலாபா மாவட்டத்தைச் சார்ந்த ககோதே என்னும் சிற்றூரில் 1895 செப்டம்பர் 11ஆம் நாள் நரஹரி, ருக்மிணி இணையருக்கு அவர் பிறந்தார். விநாயக் என்பது பிள்ளைப் பெயர். 1916இல் இன்டர்மீடியட் தேர்வெழுதப் பம்பாய்க்குப் புறப்பட்டவர், வழியில் சூரத்தில் இறங்கிக் காசிக்குச் சென்றுவிட்டார். அவ்வாண்டு ஜூன் 7ஆம் நாள் அகமதாபாத்தில் காந்தியடிகளைச் சந்தித்தார். அன்று தொடங்கிய ஆசிரம வாழ்வு இறுதிவரை நீடித்தது. 1921இல் வார்தா ஆசிரமப் பொறுப்பை ஏற்றார். 1932இல் தூலியா சிறையில் உடனிருந்தோர்க்கு அவர் ஆற்றிய கீதைச் சொற்பொழிவுகள் பின்னர் நூலாகிப் பல மொழிகளில் பரவின. 1940இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தின் முதல் வீரராகக் காந்தியடிகள் அவரையே தேர்ந்தெடுத்தார். பின்னர் வேலூர்ச் சிறையில் இருந்த காலத்தில் தமிழ் உள்ளிட்ட தென்னாட்டு மொழிகள் நான்கையும் ஒருசேரக் கற்றார்.

1951 ஏப்ரல் 18ஆம் நாள் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில், நிலமற்ற அரிசனக் குடும்பங்கள் 80 ஏக்கர் நிலம் வேண்டின. அவ்வூர் இராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் தர முன்வந்தார். அக்கொடையே பூதானத்தின் வித்து. அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் நாடெங்கும் கால்நடையாகவே சென்றார். 1956, 1957ஆம் ஆண்டுகளில் தமிழகச் சிற்றூர்களிலும் அவர் அடிச்சுவடு பதிந்தது.

இத்துணை நெடிய உழைப்பைத் தாங்கிய உடல் வலிமையானது அன்று. 1938இல் உடல் மெலிந்து எடை 88 பவுண்டாகக் குறைந்தது. மலைவாழிடம் ஒன்றில் ஓய்வெடுக்கக் காந்தியடிகள் அறிவுறுத்த, வினோபாவோ வார்தாவை அடுத்து, தாம் ஆற்றங்கரையிலுள்ள பவுனாரைத் தேர்ந்தார். கவலைகளை விலக்கி, நாள்தோறும் மண்ணைக் கொத்தி உழைத்து உடல்நலம் மீண்டார். 1952 டிசம்பரில், அந்நாள் பீகாரைச் சார்ந்த சாண்டிலில், கொடிய மலேரியாக் காய்ச்சல் அவரைப் பற்றியது. முதலில் மருந்தை மறுத்தார். அன்பர்களும் தலைவர்களும் மன்றாடவே ஏற்றுக்கொண்டார். 1979 ஏப்ரலில் பசுவதைத் தடை கோரி உண்ணாநோன்பு தொடங்கி, ஐந்தாம் நாள் அதனை நிறைவு செய்தார்.

இம்மூன்று நிகழ்ச்சிகளையும் ஒருங்கு வைத்துக் காணல் வேண்டும். முதலிரு முறை நோயிலிருந்து மீண்டார். மூன்றாம் முறை நோன்பிலிருந்து மீண்டார். உயிரை வெறுத்தவர் இவ்வாறு மீள மாட்டார். உடலால் ஆகவேண்டிய தொண்டு எஞ்சியிருந்தவரை அவ்வுடலைப் பேணும் கடமையை அவர் ஒப்புக்கொண்டார் என்றே இவை உணர்த்துகின்றன.

1970இல் பவுனார் ஆசிரமத்தை விட்டு வெளியே செல்வதில்லை என்னும் க்ஷேத்திர சந்நியாசம் பூண்டார். பகவான் மகாவீரரின் 2500ஆம் நிர்வாண ஆண்டு அண்மித்தபோது, எல்லாச் சமணப் பிரிவினர்க்கும் பொதுவான நூலொன்று வேண்டும் என்ற அவரது நெடுநாள் விருப்பம் கைகூடியது. ஜினேந்திர வர்ணி அவர்கள் தொகுத்த பாடல்களை 1974இல் தில்லியில் கூடிய முனிவர்களும் அறிஞர்களும் ஆராய்ந்து ஏற்றனர். 756 காதைகள் கொண்ட சமண சுத்தம் அவ்வாறு பிறந்தது.

1982 நவம்பர் 5ஆம் நாள் வினோபாவுக்கு மாரடைப்பு நேர்ந்தது. அப்போது அவருக்கு அகவை 87. மருத்துவர்கள் சிகிச்சை அளித்தனர். 8ஆம் நாள் இரவு முதல் உணவு, நீர், மருந்து மூன்றையும் அவர் மறுத்துவிட்டார். மருத்துவர்கள் வேண்டினர், அன்பர்கள் கலங்கினர். பிரதமர் இந்திரா காந்தி பவுனாருக்கே வந்து கண்டார். முடிவு மாறவில்லை. அவர் மறுப்பை மீறி எவரும் உணவைத் திணிக்கவில்லை. நவம்பர் 15ஆம் நாள் காலை ஒன்பதரை மணியளவில் அமைதியாக உயிர் பிரிந்தது. அன்று வடநாட்டில் தீபாவளி. மகாவீரர் நிர்வாணமுற்ற அமாவாசைத் திருநாள். மறு ஆண்டு பாரத ரத்னா விருது அவர் பெயருக்கு வழங்கப்பெற்றது. அதே 1983இல் ஜினேந்திர வர்ணி அவர்களும் சம்மேத சிகரத்தை அடுத்த ஈசரியில் சல்லேகனை ஏற்று உடல் நீத்தார்.

வினோபாவின் முடிவைச் சல்லேகனை எனக் கொள்ளலாமா? சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும் அதன் வழிவந்த அருங்கலச்செப்பும் இதற்குரிய அளவுகோலைத் தருகின்றன. விலக்கவியலாத இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகியவை நேர்ந்தபோதே அறத்தைக் காக்கும்பொருட்டு இந்நோன்பு ஏற்கத்தக்கது. பகையையும் பற்றையும் துறந்து, பிழை பொறுக்க வேண்டி, உணவைப் படிப்படியாகக் குறைத்துச் செல்லுதல் முறை. வாழ ஆசை, விரைந்து சாக ஆசை, அச்சம், நட்டாரை நினைந்துருகல், மறுபிறப்பின் இன்பத்தை வேண்டல் என்னும் ஐந்தும் இதற்குக் குற்றங்கள். வினோபா முப்பொருளையும் ஒருங்கே நிறுத்தினார்; மருத்துவர்களோ சிகிச்சைக்கு இன்னும் இடமுண்டு என்று கருதினர். ஆகவே விதிமுறைப்படி நோக்கின் வேறுபாடு உண்டு. மூப்பு, தெளிந்த அறிவு, பற்றின்மை, தாமே எடுத்த முடிவு ஆகியவற்றை நோக்கின் ஒப்புமை மிகுதி. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் 57 நாள் அனசனம் நோற்ற சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டைக் கண்டறிந்த தமிழ்ச் சமணர்க்கு இவ்வேறுபாடும் ஒப்புமையும் எளிதில் விளங்கும்.

இவ்வினா நீதிமன்றங்களையும் அடைந்தது. 2015 ஆகஸ்டில் இராசத்தான் உயர்நீதிமன்றம் சந்தாரா நோன்பைத் தற்கொலைக்கு ஒப்பாகக் கொண்டு தீர்ப்பளித்தது. அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. 2018 மார்ச் 9ஆம் நாள் உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, தெளிந்த அறிவுடைய வயதுவந்தோர் சிகிச்சையை மறுக்கலாம் என்றும், மீளவியலா நோயுற்றால் தமக்கு எத்தகைய மருத்துவம் வேண்டும் அல்லது வேண்டா என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றும் வழங்கியது. அதற்கான நடைமுறையை 2023இல் எளிதாக்கியது.

மூக்கின் வழியாகவோ வயிற்றின் வழியாகவோ குழாய் செலுத்தி உணவூட்டும் வசதி இன்று நகரங்களில் எளிதாகக் கிடைக்கிறது. விழுங்க இயலாது தவிக்கும் நோயாளி தேறும்வரை அக்குழாய் உயிர்காக்கும் துணை. தேறும் வழியின்றி உடல் தானே அடங்கிவரும் நிலையில் அதே குழாய் துன்பத்தை நீட்டுவதாகவும் அமையலாம். எது எந்நிலை என்பதை மருத்துவரே கூறவல்லார். வேண்டுமா வேண்டாவா என்பதை, அறிவு தெளிந்திருக்கையில் நோயாளியே கூறுதல் வேண்டும்.

வினோபாவின் இறுதி நாள்களில் அம்முடிவு அவருடையதாகவே இருந்தது. சல்லேகனையும் ஒருவர் தம் உயிர்க்குத் தாமே ஏற்கும் நோன்பு. மைந்தர் தந்தைக்காகவோ மருமகள் மாமிக்காகவோ அதனை ஏற்றல் இயலாது. நினைவிழந்து கிடக்கும் முதியவரின் உணவை, செலவு கருதியோ பணிவிடையில் சலித்தோ நிறுத்திவிட்டு அதற்கு நோன்பின் பெயரைச் சூட்டுவது அறத்திற்கு அடாது. அவ்வாறே, பெரியவர் தெளிவாக உரைத்த விருப்பத்தை ஊராரின் பேச்சுக்கு அஞ்சி மீறுவதும் முறையாகாது. எந்நிலையிலும் வலி தணித்தலும், தூய்மை பேணலும், அருகிருந்து பஞ்ச நமஸ்காரம் ஓதலும் குறைதல் கூடாது. வையாவிருத்தியம் என நம் முன்னோர் வகுத்த தொண்டு இதுவே.

நிர்வாணத் திருநாளில் மூத்தோரும் இளையோரும் ஒரே கூரையின்கீழ்க் கூடுகின்றனர். மூத்தோர் தம் விருப்பத்தை அச்சமின்றிக் கூறவும், இளையோர் அதனைப் பொறுமையுடன் கேட்டுக் குறித்து வைக்கவும் அந்நாள் பொருத்தமானது.