பெயர் குறிக்காத சட்டம்: டி. எஸ். சேனநாயக்கா (1884 – 1952)

மாத்தளை மாவட்டத்தில், பல்லேகமவைச் சூழ்ந்த லக்கல மலைச்சாரல்களில் பெய்யும் மழை களுகங்கையில் சேர்ந்து அம்பன் கங்கையை அடைகின்றது. (இது இரத்தினபுரிக் களுகங்கை அன்று, பெயர் ஒன்று, ஆறு வேறு.) அந்த அம்பன் கங்கையை எலஹெரவில் மறித்து, மகாசேன மன்னன் கட்டிய மின்னேரியாக் குளத்துக்கு நீர் கொண்டு சென்றனர் பண்டையோர். நூற்றாண்டுகளாகக் காடு மூடி, மலேரியாவுக்கு உறைவிடமாய்க் கிடந்த அப்பிரதேசத்தில் 1930களில் மீண்டும் நெல் விளையச் செய்தவர் டொன் ஸ்ரீபன் சேனநாயக்கா. சுதந்திர இலங்கையின் முதற் பிரதமரான இவரைச் சிங்கள மக்கள் தேசபிதா என்றே அழைப்பர். அந்தப் பெயர் அவருக்குத் தகும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதே மாவட்டத்தில், ரத்தோட்டை, எல்கடுவ, கம்மடுவ தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்களின் குடும்பங்களில் அவர் பெயர் வேறொரு காரணத்துக்காகவே நினைவில் நின்றது. ஒரே மனிதரை இரு சமூகங்கள் இவ்வளவு வேறாக நினைவு கொள்வது எதனால் என்பதை அவருடைய வாழ்க்கையிலிருந்தே அறிய வேண்டும்.

1884ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள், மீரிகமவை அடுத்த போத்தலைக் கிராமத்தில் அவர் பிறந்தார். தந்தை முதலியார் டொன் ஸ்பேட்டர் சேனநாயக்கா காரீயச் சுரங்கத்தால் செல்வம் சேர்த்தவர். மகன் அப்போது முகத்துவாரத்தில் இருந்த புனித தோமையார் கல்லூரியில் பயின்றார். அது அங்கிலிக்கன் சபையாரின் கல்லூரி. படிப்பில் பெரிதாகச் சோபித்தவர் அல்லர். நில அளவைத் திணைக்களத்தில் சிறிது காலம் எழுதுவினைஞராக இருந்துவிட்டுக் குடும்பத் தோட்டங்களுக்குத் திரும்பினார். மண்ணும் மரமும் நீரும் அவருக்குப் புத்தகத்தைவிட நன்றாகப் புரிந்தன.

மதுவிலக்கு இயக்கத்தின் வழியாகவே சேனநாயக்கா சகோதரர்கள் பொதுவாழ்வுக்கு வந்தனர். 1915இல் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. ஆங்கில அரசு மருண்டுபோய் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்து, சிங்களத் தலைவர்களை வகைதொகையின்றிச் சிறையில் அடைத்தது. விசாரணை எதுவுமின்றி 46 நாட்கள் சிறையிருந்தவர்களுள் டி. எஸ்.ஸும் ஒருவர். சாவு எந்நேரமும் கதவைத் தட்டலாம் என்றிருந்த நாட்கள் அவை. இளைஞர் ஹென்றி பேதிரிஸ் சுட்டுக் கொல்லப்பட்டதும் அப்போதுதான். அந்த அநியாயத்தை எதிர்த்துச் சட்டநிரூபண சபையில் முழங்கியவரும், கடல் கடந்து இலண்டனுக்கே சென்று வாதாடியவரும் ஒரு தமிழர்: சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவர் திரும்பி வந்தபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களப் பிரமுகர்களே அவருடைய வண்டியை இழுத்துச் சென்ற காட்சியை அக்காலத்தவர் மறக்கவில்லை. ஒருவன் இன்ன இனத்தவன் என்பதற்காகவே ஐயுறப்படுவதும் அடைக்கப்படுவதும் எப்படியிருக்கும் என்பதை டி. எஸ். தம் மேனியில் அனுபவித்து அறிந்திருந்தார். இதை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

1924இல் நீர்கொழும்புத் தொகுதியிலிருந்து சட்டநிரூபண சபைக்குப் போட்டியின்றித் தெரிவானார். 1931இல் டொனமூர் அரசியல் திட்டம் அமுலுக்கு வந்ததும் விவசாய காணி அமைச்சரானார்; பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அப்பதவியில் இருந்தார். மின்னேரியாவும் பராக்கிரம சமுத்திரமும் திருத்தப்பட்டன. காடு வெட்டிக் களனி கண்ட குடியானவர்களோடு தோளோடு தோள் நின்று பேசக்கூடிய அமைச்சராக அவர் விளங்கினார். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் அவருடையதே. ஏழைக்குக் கொடுத்த காணி கடன்காரன் கைக்குப் போகாதவாறு காத்த நல்ல சட்டம் அது.

ஆனால் எந்த ஏழை? இந்தக் கேள்வியிலேதான் சிக்கல் தொடங்குகின்றது. கண்டிச் சிங்களக் குடியானவனின் துயரம் மெய்யானது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால், உறுதி காட்ட முடியாத கிராமத்தவரின் காடும் சேனையும் அரசுடைமையாகி, வெள்ளைத் துரைமாரின் கோப்பித் தோட்டங்களாயின. 1848இல் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்குப் புதிய வரிகளோடு இந்தக் குமுறலும் ஒரு காரணம். வீர புரன் அப்பு உயிர் துறந்தது அதிலேதான். மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் காட்டுப்பாதையில் நடந்து, வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மடிந்தது போக எஞ்சியவர்களே அத்தோட்டங்களில் வேலை செய்த நம் முன்னோர். காணியைப் பறித்தவன் ஒருவன். அதில் கூலிக்கு உழைத்தவன் இன்னொருவன். பறித்தவனோடு விருந்துண்ட தலைவர்கள் உழைத்தவனையே அந்நியன் என்றார்கள்.

தோட்டத் தொழிலாளருக்குத் தாராளமாக வாக்குரிமை கொடுப்பதை டொனமூர் காலத்திலேயே டி. எஸ். எதிர்த்தார். 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசு கிராமத்தவருக்குப் பகிர்ந்து கொடுக்க எடுத்தபோது, அங்கே வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறும்படி கட்டளை பிறந்தது. காணி அமைச்சர் அவரேதான். தோட்டங்கள் தோறும் வேலைநிறுத்தம் பரவியது.

இவ்வளவும் செய்தவர் தம்மை இனவாதி என்று ஒருபோதும் கருதவில்லை. பிறர் அப்படிச் சொன்னாலும் மறுத்தார். 1945 நவம்பரில் சோல்பரித் திட்டத்தை ஏற்குமாறு அரசாங்க சபையில் பேசுகையில், சுதந்திர இலங்கையில் சிங்களவர் கையால் எத்தீங்கும் நேராது என்று சிறுபான்மையோருக்கு மனமார உறுதி கூறினார். தீர்மானத்தை 51 பேர் ஆதரித்தனர், எதிர்த்தவர் மூவரே. அம்மூவருள் இருவர் இந்தியத் தமிழரின் உறுப்பினர்கள். மற்றவர்கள் நம்பினார்கள். நம்பியதற்கு நியாயமும் இருந்தது. ஒரு சமூகத்துக்கு மட்டும் தடை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்று அரசியல் திட்டத்தின் 29ஆம் பிரிவு விதித்தது. டி. எஸ். தம் அமைச்சரவையில் தமிழரைச் சேர்த்தார். பௌத்தத்தை அரச மதமாக்க மறுத்தார். பின்வந்த சிலரோடு ஒப்பிட்டால் பெருந்தன்மையாளர் என்றே சொல்லவேண்டும்.

1947 தேர்தலில் மலைநாட்டிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்குகள் இடதுசாரிகளுக்குச் சென்றன. பிரதமரின் கட்சிக்கோ 95 ஆசனங்களில் 42தான். 1948 பெப்ரவரி 4இல் நாடு விடுதலை பெற்றது. நவம்பர் 15இல் பிரஜாவுரிமைச் சட்டம் அமுலாயிற்று. இலங்கையில் பிறந்தவன் என்பது மட்டும் போதாது. தகப்பனோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். தமிழன், இந்தியன், தோட்டத் தொழிலாளி என்ற சொல் எதுவும் அதில் இல்லை. சிங்களவனுக்கும் அதே விதிதான். சுதந்திர நாடு தன் பிரஜை யார் என்று தீர்மானிப்பதில் இனபேதம் எங்கே இருக்கிறது என்பதே பிரதமர் தரப்பு வாதம்.

கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றது. ஆனால் கண்டிக் கிராமத்தவனிடம் பூட்டனின் பிறப்புச் சான்றிதழை எந்த அதிகாரி கேட்டான்? லயத்திலே பிறந்து லயத்திலே இறந்தவனின் பேரனிடம்தான் கேட்டார்கள். 1946 குடிசனக் கணக்கின்படி இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7,80,000 பேர்; அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஒரு பேனாக் கோட்டில் நாடற்றவராயினர்.

இத்தகைய சட்டங்கள் நம் நாட்டுக்கு மட்டும் உரியன அல்ல. அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில், 1866 ஜனவரி முதலாம் தேதி வாக்குரிமை பெற்றிருந்தோரின் சந்ததியாருக்கு எழுத்துப் பரீட்சை வேண்டாம் என்றொரு விதி இருந்தது. கறுப்பர் என்ற சொல் அதிலும் இல்லை. ஆனால் அந்தத் தேதியில் கறுப்பரின் பாட்டன்மார் எவருக்கும் வாக்கு இருந்திருக்க முடியுமா? அந்நாட்டு உயர்நீதிமன்றம் 1915இல் அதைச் செல்லாதென அறிவித்தது. அதே 1915இல்தான் டி. எஸ். சிறையில் இருந்தார்.

1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு சிறிய வாசலைத் திறந்தது: மணமானோருக்கு ஏழாண்டு, மணமாகாதோருக்குப் பத்தாண்டு இடையறாத வதிவுக்கு அத்தாட்சி வேண்டும். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. மிகப் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜையல்லாதாரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் அமைச்சராகி அரசோடு நின்றார். செல்வநாயகம் பிரிந்து சென்று, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று மலையகத்தவருக்கு, நாளை நமக்கு என்று அவர் எச்சரித்தபோது யாழ்ப்பாணத்தில் செவிசாய்த்தோர் சிலரே. இதையும் நாம் மறைக்கலாகாது. தோட்டத் தமிழனின் வாக்குப் பறிபோனதை அயலான் வீட்டுத் துக்கம்போலப் பார்த்துக்கொண்டிருந்த தமிழர் பலர்.

1952 மார்ச் 21ஆம் நாள் காலை, வழக்கம்போலக் காலிமுகத் திடலில் குதிரைச் சவாரி சென்ற பிரதமர் நிலைகுலைந்து கீழே விழுந்தார். மறுநாள் காலமானார். வயது 67. நாடு முழுவதும் அழுதது. பிரதமரான மகன் டட்லி மே மாதத்தில் நடத்திய தேர்தலில், மலைநாட்டு ஆசனங்கள் ஏழிலும் இந்தியக் காங்கிரஸ் இல்லாமற் போயிற்று. அதற்குச் சற்று முன்னரே தொண்டமான் தலைமையில் கொழும்பில் சத்தியாக்கிரகம் தொடங்கியிருந்தது; நூற்று நாற்பது நாட்களுக்கு மேல் நீடித்தது.

தம் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்குமாறு கேட்டு, கோடகன் பிள்ளை என்பவர் கேகாலையிலிருந்து தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. இச்சட்டங்கள் 29ஆம் பிரிவை மீறவில்லை, தன் பிரஜைகளைத் தீர்மானிப்பது எந்தச் சட்டசபைக்கும் இயல்பான உரிமையே என்று 1953இல் தீர்ப்பாயிற்று. டி. எஸ். கூறிவந்த மறுப்புக்கு அவர் மறைந்தபின் உச்ச முத்திரை கிடைத்தது எனலாம். அந்த வாதம் அவரோடு போய்விடவுமில்லை. 2009 மே மாதத்தில் போர் முடிந்த கையோடு, இந்நாட்டில் இனிச் சிறுபான்மையினர் என்று எவருமில்லை, நாட்டை நேசிப்போரும் நேசியாதோருமே உளர் என்று ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச பாராளுமன்றத்தில் அறிவித்தார். பேதமே இல்லை என்று தலைவர் சொல்லிவிட்டால், பேதத்தால் வருந்துபவன் தன் வழக்கை எந்தப் பெயரில் தாக்கல் செய்வான்?

1964 அக்டோபர் 30ஆம் நாள் கையொப்பமான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது. அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பேசித் தீர்க்க ஒதுக்கிவைத்தது. பாட்டி இங்கே, பேத்தி அங்கே எனப் பிரிந்த குடும்பங்கள் மாத்தளைப் பங்குகளிலும் உண்டு. இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்தோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. 1948ஆம் ஆண்டின் சட்டம் சொல்லாமல் விட்ட பெயரை இது தன் தலைப்பிலேயே சொன்னது: இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம். இடையில் 55 ஆண்டுகள் கழிந்திருந்தன.